நூற்றெட்டு ராஜினாமா

உலகத்திலேயே அதிக முறை ராஜினாமா செய்தவர் யாரோ ஓர் அரசியல்வாதி என்று நினைத்திருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். அந்தப் பெருமை, நீலகிரியில் தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்ன அரசு மருத்துவமனையின் டாக்டருக்கே உரியது. ஒன்பது ஆண்டுகள், மாதம் ஒன்று, மொத்தம் நூற்றெட்டு. அர்ச்சனைக்கு ஒன்றுகூடக் குறையவில்லை. பெற்றோர் அவருக்கு நல்ல பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். அது சம்பளப் பட்டியலில் மட்டும் புழங்கியது. பஸ் கண்டக்டர் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் ‘ராஜினாமா டாக்டர்’.

இதை அடித்துச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. அந்த மருத்துவமனையின் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து, நூற்றெட்டில் நூற்றேழை வந்தபடியே திருப்பி அனுப்பியவன் நான்.

எங்கள் மருத்துவமனைக்கு அனுமதிக்கப்பட்ட டாக்டர் பணியிடங்கள் ஐந்து. வாசல் பலகையில் ஐந்து பெயர்களுக்கும் இடம் விட்டுக் கோடு போட்டிருந்தோம். மூன்று கோடுகள் எப்போதும் காலி. நான்காவது கோட்டில் இருந்த அம்மையார் பணியில் சேர்ந்த மறுநாளே நீண்ட விடுப்பில் போனவர். பலகையில் மட்டும் ஒழுங்காக வேலை பார்த்தார். ஐந்தாவது இவர். காலை எட்டு மணிக்கு ஓட்டை ஸ்வெட்டரும் மப்ளருமாக வந்து உட்கார்ந்தால், ஐந்து பேர் வேலையையும் ஐந்து பேர் குரலில் செய்வார். அவர் திட்டுவது அடுத்த எஸ்டேட் வரைக்கும் கேட்கும்.

எமரால்டு கிராமத்துப் பக்கத்துக் கேரட் விவசாயி ஒருவர், கீழே சமவெளியில் ஏதோ தனியார் மருத்துவமனைக்குப் போய்விட்டு, கனமான ஒரு கோப்புடன் வந்து நின்றார். ராஜினாமா டாக்டர் அதைப் புரட்டினார்.

“இதென்னங்க, கல்யாண ஆல்பமா?”

“வயித்து வலின்னு போனனுங்க டாக்டர். தலைக்கும் சேத்து ஸ்கேன் எடுத்துட்டாங்க.”

“தலைக்குள்ள என்ன இருக்குதுன்னாங்க?”

“ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க.”

“அதை நான் காசில்லாமயே சொல்லிருப்பேனே!”

பிறகு வயிற்றை அழுத்திப் பார்த்து, இரண்டு வகை மாத்திரை எழுதிக் கொடுத்து, பச்சை மிளகாயைக் குறைக்கச் சொல்லி, மறுபடி ஒரு முறை திட்டி அனுப்பினார். கேரட் விவசாயி சந்தோஷமாகப் போனார். அவரிடம் திட்டு வாங்காதவர்கள், தமக்கு ஏதோ பெரிய நோய் இருப்பதால்தான் டாக்டர் மரியாதையாகப் பேசுகிறார் என்று பயந்துபோவார்கள். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருந்தது.

முதல் ராஜினாமாவை நான் திருப்பியது முற்றிலும் விதிப்படி. அவருடைய மனைவியும் மகளும் கோவையில் இருந்தார்கள். இவர் மலையில், மழை பெய்தால் கட்டிலை இடம் மாற்ற வேண்டிய அரசுக் குடியிருப்பில். அவரோடு படித்தவர்கள் எல்லாம் சொந்த மருத்துவமனை கட்டி மகள் பெயரை வைத்துவிட்டார்கள். இவருக்குக் கிடைத்த சம்பளத்தைப் போல மூன்று மடங்கு தருவதாகத் தனியார் மருத்துவமனைகள் கூப்பிட்டன. ‘மாதம் பிறந்ததும் முதல் வேலையாக ராஜினாமா கொடுக்கிறேன்’ என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். கொடுக்கவும் செய்தார். கடிதம் இவ்வளவுதான்: ‘ஐயா, போதும். இப்படிக்கு.’

திருப்பி அனுப்பிய பத்தாவது நிமிடம் என் மேசை முன்னால் நின்றார்.

“ஏனுங்க சூப்பிரண்டு, போதும்ங்கறதுல உங்களுக்கு என்ன புரியல?”

“எனக்குப் புரியுதுங்க டாக்டர். சென்னைக்குப் புரியாது. உரிய வழியா இயக்குநருக்கு எழுதணும். பொருள் வேணும், பார்வை வேணும், எந்தத் தேதி பிற்பகல்ல இருந்து விடுவிக்கணும்னு வேணும்.”

“சாகறதுக்காச்சும் உங்க ஆபீஸ்ல ஃபாரம் இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க. மூணு பிரதி.”

இரண்டாம் மாதக் கடிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது, தேதி இல்லை. திருப்பினேன். மூன்றாம் மாதம் தேதி இருந்தது, கையெழுத்து இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மருந்துக் கடைக்காரரே சந்தேகப்படும் அளவுக்குத் தெளிவாக எழுதும் டாக்டர் அவர். ஒரு நாளைக்கு இருநூறு சீட்டு எழுதுவார், ஒன்றில்கூட அளவு பிசகாது. அப்படிப்பட்டவர் சொந்த ராஜினாமாவில் மட்டும் கையெழுத்தை மறப்பாரா?

நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அரசு அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தவன் நான்; எதைக் கேட்கக் கூடாது என்பதும் ஒரு நடைமுறைதான். மாதம் பிறந்ததும் அவர் கடிதம் கொடுப்பார். நான் குறையைக் கண்டுபிடித்துத் திருப்புவேன். வரவர அவருக்கும் கற்பனை வளம் பெருகியது. ஒரு மாதம் பல் மருத்துவர் பதவியிலிருந்து விலகினார். அது அவர் பதவியே அல்ல. ஒரு மாதம் ‘இணைப்பு: ஒன்று’ என்று எழுதி எதையும் இணைக்கவில்லை. இன்னொரு மாதம், எங்கள் இருவருக்கும் நடந்த சண்டைக்குப் பிறகு, என் பெயரை எழுதி என்னை ராஜினாமா செய்ய வைத்திருந்தார்.

மாதத்தின் முதல் வாரத்தில் அவருடைய மனைவியிடமிருந்து தொலைபேசி வரும்.

“ஏனுங்ணா, லெட்டர் குடுத்துட்டாருங்களா?”

“குடுத்துட்டாருங்கம்மா. சின்ன விளக்கம் ஒண்ணு கேட்டிருக்கோம்.”

“இந்த வாட்டியுங்களா?”

“இந்த வாட்டியும்தாங்க.”

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் அந்த ஏற்பாட்டின் அழகு.

ஒருமுறை கோவையின் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையிலிருந்து, ஆள் பிடிக்கும் அதிகாரி ஒருவர் கோட்டு சூட்டுடன் காரில் வந்து இறங்கினார். டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றார். “டோக்கன் வாங்கச் சொல்லுங்க” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. எண்பத்து நான்காவது டோக்கன். தேயிலைக் கூடை இறக்கிவைத்த பெண்களுக்கு நடுவே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். முறை வந்ததும் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் அவர் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்துவிட்டார்.

“நூத்தி எழுவதுங்க! என்ன வேலைங்க பாக்கறீங்க?”

“டார்கெட் வேலைங்க டாக்டர்.”

“அதான். இந்தாங்க, ஒரு மாச மாத்திரை. உப்பைக் குறைங்க. அடுத்த மாசம் வந்து காட்டுங்க. அடுத்த ஆளு!”

சம்பளப் பேச்சு எழவே இல்லை. ஆனால் அந்த அதிகாரி அடுத்த மாதமும் வந்தார், அதற்கடுத்த மாதமும் வந்தார். தன் மருத்துவமனையின் பளபளப்பான மருந்தகத்தைத் தாண்டி, ஐம்பது மைல் வந்து மலையேறி, அரசாங்கத்தின் இலவச மாத்திரையை வாங்கிக்கொண்டு போனார். ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது, “நம்ம ஆஃபர் அப்படியேதாங்க டாக்டர் இருக்குது” என்பார். “உங்க பி.பி.யும் அப்படியேதாங்க இருக்குது” என்பார் இவர்.

சம்பள உயர்வு கேட்டு அரசு டாக்டர்கள் புறநோயாளிகள் பிரிவைப் புறக்கணித்த வாரத்தில் இவர் செய்த கூத்தைச் சொல்லியாக வேண்டும். கறுப்புப் பட்டை குத்திக்கொண்டு சரியாக எட்டு மணிக்கு வந்தார். ஓ.பி. அறைக்குள் காலடி வைக்கவில்லை. ஆம்புலன்ஸ் பழுதுபார்க்கப் போயிருந்ததால் காலியாகக் கிடந்த கொட்டகையில் நாற்காலியைப் போட்டு, தலைக்கு மேல் போராட்டப் பதாகையைக் கட்டி, அதன் கீழே உட்கார்ந்து நூற்று அறுபது பேரைப் பார்த்தார்.

வரிசையில் ராக்காயி நின்றிருந்தாள். சிலோன் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் வந்து, இங்கே அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்தவள். சர்க்கரை நோய். இடது காலில் ஆறாத புண். வாரம் இரண்டு முறை டாக்டரே கட்டுப் போடுவார். பதாகையையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“டாக்டரையா, எங்க தோட்டத்துல ஸ்டைக்குன்னா கொழுந்துல கை வைக்கக் கூடாதுங்க. நீங்க கொழுந்து எடுத்துக்கிட்டே ஸ்டைக்கு பண்ணுறீங்களே, இது என்னா ஸ்டைக்கு?”

“காலை நீட்டு மொதல்ல! உனக்கு வைத்தியம் பாக்கறது எங் கடமை. எனக்கு ஒழுங்கா சம்பளம் குடுக்கறது அவுங்க கடமை. ரெண்டுல ஒண்ணுதான் நடக்குது.”

“அப்ப நீங்க நிப்பாட்டினாத்தானே அவுங்க குடுப்பாங்க?”

டாக்டர் கட்டைப் போட்டு முடித்துவிட்டு, “இனிப்பு தின்னியா?” என்று மட்டும் உறுமினார்.

அந்த நாட்களுக்கு வருகைப் பதிவேட்டில் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பணிக்கு வந்தார் என்றால் போராட்டம் பொய். வரவில்லை என்றால் நூற்று அறுபது சீட்டுகள் பொய். தெளிவுரை கேட்டு சென்னைக்கு எழுதினேன். இன்னும் வரவில்லை.

இப்படியே சிரித்துக்கொண்டு போய்விடலாம் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆறாவது ஆண்டின் மழைக்காலத்தில், பிரசவத்துக்கு வந்த ஓர் எஸ்டேட் பெண்ணுக்கு உடனே அறுவை தேவைப்பட்டது. அறுவைக் கூடம் இருந்தது. கத்தி இருந்தது. மயக்க மருந்து டாக்டரின் கோடு பலகையில் காலியாக இருந்தது. கோவைக்கு அனுப்பினார்கள். மலைப்பாதையில் பர்லியாறு தாண்டும் முன்பே தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். அந்தப் பணியிடத்தை நிரப்பக் கோரி இவர் எழுதிய பதினோரு கடிதங்களும் என் கோப்பில் இருந்தன. அவற்றில் ஒரு குறையும் இல்லை.

மறுநாள் மாதப் பிறப்பும் அல்ல. ஆனாலும் அடுத்த மாதத்துக் கடிதம் முன்கூட்டியே வந்தது. எடுத்துப் படித்தேன். உரிய வழியாக, இயக்குநருக்கு. பொருள், பார்வை, தேதி, பிற்பகல், மூன்று பிரதிகள், மூன்றிலும் கையெழுத்து. நான்கு முறை படித்தேன். குறை இல்லை. ஓ.பி. அறையிலிருந்து திட்டுச் சத்தமே வரவில்லை. ஆளாளுக்கு மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தார். செவிலியர் வந்து, “சார், டாக்டருக்கு என்னாச்சுங்க? பயமா இருக்குது” என்றார்.

என் மேசையில் தேநீர் இருந்தது. அதை நான் மூன்று பிரதிகளின் மேலும் கொட்டினேன். தவறி விழவில்லை. கொட்டியது நான். பிறகு வழக்கமான சிவப்பு மையில் எழுதினேன்: ‘கடிதம் படிக்கும் நிலையில் இல்லாததால் வந்தபடியே திருப்பப்படுகிறது.’

டாக்டர் அந்தப் பழுப்புத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றார். “சக்கரை ஜாஸ்தியாப் போட்டுக் குடிக்கறீங்க சூப்பிரண்டு. பிசுபிசுங்குது. சுகர் டெஸ்ட் பண்ணுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். சிறிது நேரத்தில் யாரையோ திட்டும் சத்தம் கேட்டது. செவிலியர் சாமி படத்துக்குக் கும்பிடு போட்டார்.

அந்த முறை அவருடைய மனைவி மாதத்தின் முதல் வாரம் வரும்வரை காத்திருக்கவில்லை.

“ஏனுங்ணா, இந்தத் தடவை நானே போன்ல கூட இருந்து எழுத வெச்சனுங்க. ஒண்ணும் விடல.”

“தேநீர் கொட்டிருச்சுங்கம்மா.”

அழுவாரோ என்று நினைத்தேன். அழவில்லை.

“ஊருக்கெல்லாம் அவரு வேணும். சரிங்ணா. எங்களுக்கு வேண்டாங்களா? புள்ளைக்குப் புடிச்ச படிப்பைக் குடுக்க முடியல. ஊட்டுல ஆம்பளைன்னு ஒருத்தரு போட்டோவுல இருக்கறாரு. உங்க ஆஸ்பத்திரி நடக்கறதுக்கு நாங்க எதுக்குங்ணா பட்டினி கெடக்கணும்? நீங்களாவது அவரை உட்டுருங்க.”

முப்பத்து நான்கு ஆண்டுகளில் எனக்கு வந்த விளக்கம் கோரல்களிலேயே பதில் எழுத முடியாதது அது ஒன்றுதான். எல்லோருக்கும் இலவச வைத்தியம் என்று எங்கள் சுவரில் பெரிதாக எழுதியிருந்தது. அது எந்த வீட்டிலிருந்து கொடுக்கப்படுகிறது என்று எழுத அந்தச் சுவரில் இடம் இல்லை.

பிறகு நான் ஓய்வு பெற்றேன். பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பில் சாவிகள், கோப்புகள், ஓட்டை பக்கெட்டுகள் உட்பட எல்லாவற்றையும் எழுதினேன். ராஜினாமா வழக்கத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது? எனக்குப் பின் வந்த இளைஞர் மிகவும் கெட்டிக்காரர், நேர்மையானவர். வாய்மொழியாகச் சொன்னேன்.

“டாக்டர்கிட்ட இருந்து மாசா மாசம் ஒரு கடிதம் வரும். கொஞ்சம் பார்த்துக்குங்க.”

“கண்டிப்பாங்க சார். ஒரு நாள் பெண்டிங் வெக்க மாட்டேன்.”

வைக்கவில்லை. நூற்றெட்டாவது கடிதம் கையெழுத்து இல்லாமல் வந்தது. நானாக இருந்தால் திருப்பியிருப்பேன். அந்த இளைஞர் பேனாவை எடுத்துக்கொண்டு ஓ.பி.க்கே போய்விட்டார். அறுபது நோயாளிகள் முன்னால், “சார், கையெழுத்து மறந்துட்டீங்க” என்று தாளை நீட்டினார். டாக்டர் அவரைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், ராக்காயியின் காலில் பாதி சுற்றியிருந்த துணியைப் பார்த்தார். என்ன சொல்ல முடியும்? வேண்டாம் என்றால் ஒன்பது ஆண்டுகளும் நாடகம் என்று ஒப்புக்கொண்டதாகும். போட்டுவிட்டார்.

அன்று மாலையே எனக்குத் தொலைபேசி. “சார், ஒம்பது வருச நிலுவைங்க. நான் வந்த ஒரே மாசத்துல மேல அனுப்பிட்டனுங்க!” பாராட்டை எதிர்பார்த்தார். பாராட்டினேன்.

ராஜினாமா ஏற்கப்படும் முன் அதைத் திரும்பப் பெறலாம். அதற்கு விதி இருக்கிறது. விதி எண்கூட எனக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியாது. ஒரு தொலைபேசி போதும். எடுத்தேன். டாக்டருடைய மனைவியின் குரல் காதில் கேட்டது. வைத்துவிட்டேன்.

எங்கள் ஜெனரேட்டர் கோப்பு ஆறு ஆண்டுகளாகச் சென்னையில் தூங்குகிறது. இந்தக் கோப்பு பதினெட்டே நாளில் திரும்பி வந்தது. உத்தரவை எடுத்துக்கொண்டு டாக்டர் நேராக என் வீட்டுக்கு வந்தார். மப்ளரைக்கூடக் கழற்றவில்லை.

“ஏனுங்க சூப்பிரண்டு, இதுல எதாச்சும் குத்தம் இருக்குதான்னு பாருங்க.”

பார்த்தேன். எண், நாள், விதி, ஒப்பம், முத்திரை. அப்படி ஒரு சுத்தமான உத்தரவை அந்தத் துறையிலிருந்து நான் கண்டதில்லை.

“ஒண்ணும் இல்லைங்க டாக்டர்.”

“நல்லாப் பாருங்க.”

“பார்த்துட்டனுங்க.”

பலகையில் ஐந்தாவது கோடும் காலியானது. வாரம் இரண்டு நாள் வேறோர் ஊரிலிருந்து டாக்டர் வருவார் என்று ஏற்பாடு. மழை இல்லாவிட்டால், கூட்டம் இல்லாவிட்டால், அவருக்கு அங்கே வேறு வேலை இல்லாவிட்டால் வருவார். ஓர் ஆண்டு கழித்துக் குன்னூர் பேருந்து நிலையத்தில் ராக்காயியைப் பார்த்தேன். ஊன்றுகோல். இடது கால், கணுக்காலுக்கு மேலே முடிந்திருந்தது.

“வாரம் ரெண்டு கட்டு போட ஆளில்லைங்க ஐயா. கீழ கொண்டுபோனாங்க, எடுத்துட்டாங்க” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, என்னைத் தேற்றுவதற்காகச் சிரித்தாள். “செருப்பு ஒண்ணு மிச்சம்.”

இப்போது இந்த மாதம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். எனக்குத் தலைசுற்றல். மகன் கோவைக்கு அழைத்துப்போய், காரை நிறுத்தப் போனவன் என்னை முன்னால் அனுப்பினான். ஓட்டல் வரவேற்பறை போன்ற இடம். உட்கார்ந்ததும் காகிதக் கோப்பையில் காபி கொடுத்தார்கள். உள்ளே போனால், கழுத்தில் டை கட்டிக்கொண்டு, வெள்ளைக் கோட்டில், ராஜினாமா டாக்டர். அந்த ரத்த அழுத்த அதிகாரி கடைசியில் ஆளைப் பிடித்துவிட்டார். டாக்டரின் பக்கத்தில் கணினியுடன் ஒரு பெண் உட்கார்ந்து, நிமிடங்களைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

“வாங்க. வணக்கம். உட்காருங்க. எப்படி இருக்கீங்க?” என்றார் டாக்டர்.

மரியாதை! எனக்குப் பெரிய நோய்தான் என்று முடிவு செய்துவிட்டேன். நாடி பார்த்தார், கண்ணைப் பார்த்தார். அந்தப் பெண் திரையைக் காட்டினாள். அவர் தலையாட்டினார். இரண்டு தாள்களை நீட்டினார். ஒன்றில் ரத்தப் பரிசோதனையும் இ.சி.ஜி.யும். மற்றதில் தலை ஸ்கேன், கழுத்து ஸ்கேன், இன்னும் ஏழு வரிகள். “மகள் என்ன படிக்குதுங்க?” என்று கேட்டேன். “புடிச்சதைப் படிக்குதுங்க” என்றார். அந்த ஒரு நொடி முகம் மலர்ந்தது. ஓர் ஆளுக்கு ஒதுக்கிய ஏழு நிமிடம் முடிந்தது.

பணம் கட்டும் இடத்தில் வரிசை. எனக்கு முன்னால் நின்ற பெரியவரின் இரண்டாவது தாளை அங்கிருந்த பெண் திருப்பிப் பார்த்தாள்.

“இதுல டாக்டர் கையெழுத்து இல்லீங்க. மேல போய் வாங்கிட்டு வாங்க.”

“பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா. அந்த மொத சீட்டு மட்டும் பாத்துக்கறேன்” என்று பெரியவர் போய்விட்டார். அவள் பக்கத்து இருக்கைக்காரியிடம் சலித்துக்கொண்டாள்.

“மறுபடியும் இவருதான் பாரு. ஸ்கேன் சீட்டுல மட்டும் மறந்துடறாரு. ரெண்டு மெமோ குடுத்தாச்சு. இன்னும் ஒண்ணு சிக்குனா சீட்டை மேனேஜ்மெண்டுக்கே அனுப்பச் சொல்லிருக்காங்க.”

நான் என் தாள்களைப் பார்த்தேன். ரத்தப் பரிசோதனைத் தாளில் அந்தத் தெளிவான கையெழுத்து. ஸ்கேன் தாளில், கையெழுத்துக்கான கோட்டின் மேல் ஒன்றுமில்லை.

“அடுத்த ஆளுங்க. சார், சீட்டைக் குடுங்க.”

முதல் தாளைக் கொடுத்தேன். இரண்டாவதை மேடையில் வைத்து, குடிக்காமல் கையிலேயே ஆறிப்போயிருந்த காபியை அதன் மேல், கீழ் ஓரமாகப் பார்த்து, முழுவதும் ஊற்றினேன்.

“அய்யோ சார்! சீட்டெல்லாம் போச்சே! டாக்டர் கையெழுத்து இருந்துச்சுங்களா இதுல?”

“இருந்துச்சும்மா” என்றேன். “எனக்கு நல்லாத் தெரிஞ்ச கையெழுத்து.”